டேஷ் கெமராவிலிருந்து வேகத்தை எடுப்பது: கண்டியில் கற்றுவைக்க வேண்டிய ஒரு தொழில்

கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறியும் ஒரு காரும் உரசிக்கொண்டால் இரண்டு சாரதிகளும் சொல்வது ஒன்றைத்தான்: "நான் மெதுவாத்தான் வந்தேன்." முன்பெல்லாம் யார் சொல்வது சரி என்பதைப் பக்கத்துக் கடைக்காரரும் வீதியில் கிடந்த டயர்த் தடமும் தீர்த்துவைத்தார்கள். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டேஷ் கெமராவின் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். காப்புறுதி மதிப்பீட்டாளர் வீடியோவைப் பார்க்கிறார். சட்டத்தரணி பார்க்கிறார். வாகனச் சொந்தக்காரர் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். எல்லோரும் பார்ப்பது படத்தை மட்டும்தான். அந்தக் கோப்புக்குள்ளேயே, வாகனம் இருந்த இடமும் ஓடிய வேகமும் பெரும்பாலும் வினாடிக்கு ஒரு தடவை எண்ணாக எழுதப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதை வெளியே எடுத்துக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை.

அந்த ஆள் நீங்களாக இருக்கலாம். கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர், மதிப்பீட்டாளரின் உதவியாளர், சட்டத்தரணி அலுவலகத்தில் எழுதுநர், சுற்றுலா வான் நிறுவனத்தில் வாகன ஓட்டத்தைக் கவனிப்பவர் என யாராலும் சில வார மாலைப் பொழுதுகளில் பிடித்துக்கொள்ளக்கூடிய வேலை இது. முதலீடு ஒரு சாதாரண லெப்டொப். தேவையான மென்பொருள்கள் இலவசம். எண்ணை எடுப்பது சுலபம்தான். எடுத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் காசு கொடுப்பார்கள். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

கார்ட் கைக்கு வருமுன்

வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் உங்களிடம் வந்து சேருவதற்கு முன்புதான். டேஷ் கெமரா ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று துண்டு துண்டாகப் பதிவுசெய்யும். கார்ட் நிறைந்ததும் பழையவற்றின் மேல் எழுதத் தொடங்கிவிடும். மோதலின் அதிர்வை உணர்ந்தால் அந்தத் துண்டைப் பூட்டி வைக்கும். ஆனால் மெல்லிய உரசலையோ, பாதசாரி மீது பட்டதையோ உணராமல் விட்டுவிடலாம். ஆகவே தொலைபேசியில் அழைப்பவரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: கெமராவின் மின்னிணைப்பைக் கழற்றுங்கள், கார்டை எடுத்து ஓர் உறையில் போட்டு வையுங்கள், நாளையும் அதே கெமராவோடு ஓடாதீர்கள்.

இரண்டாவது வார்த்தை இன்னும் முக்கியம்: வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். வட்ஸ்அப், முகநூல், கைபேசியிலுள்ள வெட்டி ஒட்டும் செயலிகள் எல்லாமே வீடியோவைத் திரும்பச் சுருக்கி எழுதுகின்றன. படம் வந்துசேரும், உள்ளே இருந்த ஜிபிஎஸ் தரவு வழியிலேயே கொட்டிப்போகும். உங்களிடம் வருகிறவர்களில் கணிசமானோர் அப்படி வந்த பிரதியை வைத்துக்கொண்டுதான் "வேகத்தை எடுத்துத் தாங்க" என்று கேட்பார்கள். அதிலிருந்து எடுக்க எதுவும் மிச்சமில்லை என்று தயங்காமல் சொல்லிவிட்டு, மூலக் கார்டைக் கேளுங்கள். தூரத்திலிருந்து அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லலாம். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும்.

கார்ட் வந்ததும் அதை அடாப்டரில் போட்டு, பக்கத்திலுள்ள சின்னப் பூட்டுத் தாழ்ப்பாளை நகர்த்திவிடுங்கள். அப்போதுதான் உங்கள் கணினி அதில் எதையும் எழுதாது. முழுக் கார்டையும் பிரதி எடுங்கள், விபத்துத் துண்டை மட்டுமல்ல. அதற்கு முந்திய பத்து நிமிட ஓட்டம் பிறகு பெரிதும் உதவும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 குறியீட்டைக் கணித்துக் குறித்து வையுங்கள். விண்டோஸில் இருக்கும் பவர்ஷெல்லே இதைச் செய்யும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் குறியீடு வேறாகிவிடும் என்பதால், ஆறு மாதம் கழித்து யாராவது "இது திருத்திய வீடியோ" என்றால் உங்கள் கையில் பதில் இருக்கும். கார்ட் யாரிடமிருந்து, எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு வந்தது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அலுப்பான வேலைதான். கோடு வரையும் மென்பொருளைவிட இந்தக் கொப்பிதான் உங்களை அதிகம் காப்பாற்றும்.

தரவு எங்கே இருக்கிறது

கெமராக்கள் எல்லாம் ஒரே இடத்தில் தரவை வைப்பதில்லை. சந்தையில் ஏராளமான கெமராக்களுக்கு உள்ளே இருப்பது நோவாடெக் என்ற தாய்வான் நிறுவனத்தின் சிப். வியோஃபோவின் பிரபலமான பல மாதிரிகள் இந்தக் குடும்பம். இவற்றில் படமும் ஒலியும் கிடக்கும் பகுதிக்கு நடுநடுவே சிறு பெட்டிகளாக ஜிபிஎஸ் தரவு செருகப்பட்டிருக்கும். கோப்பின் தலைப்புப் பகுதியில் அந்தப் பெட்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை இருக்கும். எச்எக்ஸ்டி போன்ற பதினறும எடிட்டரில் கோப்பைத் திறந்து "ஃப்ரீ", "ஜிபிஎஸ்" என்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் அடுத்தடுத்து வருகின்றனவா என்று தேடினாலே, தரவு இருக்கிறதா இல்லையா என்பது நிமிடத்தில் தெரிந்துவிடும். வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதே இதைச் செய்து பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

பிளாக்வியூ வேறு வழி: ஜிபிஎஸ் கருவி பேசும் என்எம்இஏ வாக்கியங்களை அப்படியே எழுத்தாகக் கோப்புக்குள் வைத்துவிடும். 70மாய் சில மாதிரிகளில் தனியான உரைக் கோப்பாகக் கார்டிலேயே போட்டு வைக்கிறது; வீடியோவை மட்டும் பிரதி எடுத்தவர் அதைத் தவறவிடுவார். முழுக் கார்டையும் எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். கோப்ரோ தனக்கென ஒரு தரவுத் தடத்தை வைத்திருக்கிறது. சில மலிவுக் கெமராக்களில் தரவே கிடையாது, வேகத்தைப் படத்தின் மேல் எழுதுவதோடு சரி. அப்போது செய்யக்கூடியது படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணை வாசித்து அட்டவணை போடுவதுதான். ஜிபிஎஸ் உறுப்பே இல்லாத கெமராவும் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் தாங்கியில்தான் ஜிபிஎஸ் இருக்கும், அதைச் சொந்தக்காரர் வாங்கியிருக்கவே மாட்டார்.

கண்டியில் தனியாகச் சந்திக்கப்போவது ஜப்பான் கெமராக்கள். அங்கிருந்து வரும் பாவித்த கார்களின் கண்ணாடியில் கெமரா ஒட்டியபடியே வந்துவிடுகிறது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திறந்தபின் இவை மறுபடி வருகின்றன. மெனுவெல்லாம் ஜப்பானிய எழுத்து. பலர் அதைத் தொடுவதே இல்லை. கடிகாரம் ஜப்பான் நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். மாலை 5 மணிக்கு நடந்த விபத்து படத்தில் இரவு 8.30 என்று காட்டும், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இதைப் பிடிப்பதற்கு முன் நீங்கள் பிடித்து அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

எடுக்கும் கருவி

கெமரா நிறுவனங்கள் தரும் பார்வை மென்பொருள் அழகாகப் படத்தையும் வரைபடத்தையும் பக்கத்தில் காட்டும். வாடிக்கையாளருக்குக் காட்ட அது போதும். அறிக்கைக்கு அது போதாது, ஏனெனில் அது எண்ணை எப்படிச் சமப்படுத்துகிறது என்பதை நாம் காண முடியாது. பழக வேண்டியது எக்ஸிஃப்டூல். கனடாவைச் சேர்ந்த ஃபில் ஹார்வி 2003இலிருந்து வளர்த்துவரும் இலவசக் கருவி. புகைப்படத்துக்குள் இருக்கும் விவரங்களை வாசிக்கத் தொடங்கியது. இன்று டேஷ் கெமராக்களின் பலவகை ஜிபிஎஸ் அமைப்புகளையும் அடையாளம் கண்டு வாசிக்கிறது.

இதற்குப் பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். சிறு கோட்டுக்குப் பின் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை இரண்டு தடவை போட்டால் உள்ளே பொதிந்த தரவை எடுக்கும். அதோடு 3 என்ற இலக்கத்தைச் சேர்த்தால், அட்டவணை உடைந்த கோப்பிலும் படத் தரவு முழுவதையும் துழாவித் தேடும். மோதலில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, சரியாக மூடப்படாத கடைசிக் கோப்புக்கு இது கைகொடுக்கலாம். 'என்' என்ற எழுத்தையும் போட்டுவிடுங்கள். பாகை, கலை, விகலை என்று வராமல் தசமத்தில் வரும், விரிதாளில் கணக்குப் போட வசதி.

விளைவை எந்த வடிவில் எடுப்பது? எல்லோரும் ஜிபிஎக்ஸ் கோப்பைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் கூகுள் ஏர்த் அதைத் திறக்கும். ஆனால் இன்று வழக்கிலுள்ள ஜிபிஎக்ஸ் 1.1 வடிவத்தில் தடப் புள்ளிக்கு வேகம் என்ற புலமே கிடையாது, பழைய 1.0 வடிவத்தில் இருந்தது. வேகத்தைக் காணாத சில நிரல்கள் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைக் கொண்டு தாமே ஒரு வேகத்தைக் கணித்துக் காட்டும். அதில் பெரிய ஆபத்து இருக்கிறது. வினாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளி 3 மீற்றர் விலகினாலே கணித்த வேகம் மணிக்கு 11 கிலோமீற்றர் வரை மாறும். கருவி தானே பதிந்த வேகம் அப்படி அல்ல. செய்மதிச் சமிக்ஞையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு நேரடியாக அளப்பதே பொதுவான வழி என்பதால், இடம் சற்றுத் தவறினாலும் வேகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆகவே நேரம், அகலாங்கு, நெட்டாங்கு, வேகம், திசை, சமிக்ஞை நிலை ஆகிய ஆறையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து விரிதாளில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் போட கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்று பொறிகள்

முதலாவது அலகு. ஜிபிஎஸ் கருவியின் தாய்மொழி கடல் மைல். வேகத்தை நொட் கணக்கில்தான் சொல்லும். எக்ஸிஃப்டூல் பெரும்பாலும் அதைக் கிலோமீற்றராக மாற்றித் தரும், வேறு நிரல்கள் மாற்றாமல் தரலாம். படத்தில் 50 என்று எழுதியிருக்க, எடுத்த தரவில் 27 என்று வந்தால் பயப்படாதீர்கள்: 27ஐ 1.852ஆல் பெருக்குங்கள், 50 வரும். இந்தக் கணக்கை அறியாமல் "கெமரா தவறான வேகத்தைக் காட்டியிருக்கிறது" என்று எழுதிவிட்டால் ஓர் அப்பாவியின் இழப்பீடு போய்விடும்.

இரண்டாவது ஆயங்கள். நோவாடெக் பெட்டிகளில் இடம் தசமப் பாகையில் இருக்காது. பாகையும் கலையும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். தலதா மாளிகைப் பக்கத்துப் புள்ளி ஒன்று 717.6 என்றும் 8038.5 என்றும் கிடக்கும். இதன் பொருள் வடக்கு 7 பாகை 17.6 கலை, கிழக்கு 80 பாகை 38.5 கலை. கலையை 60ஆல் வகுத்தால் 7.2933, 80.6417, சரியாகக் கண்டி. அவசரத்தில் 100ஆல் வகுத்து 7.176, 80.385 என்று போட்டால் புள்ளி முப்பது கிலோமீற்றர் தள்ளி, கேகாலைப் பக்கம் போய் உட்காரும். எக்ஸிஃப்டூல் இதைத் தானே சரிசெய்யும். சொந்தமாக பைதன் நிரல் எழுதப் போகிறவர்கள் முதலில் விழும் குழி இது.

மூன்றாவது நேரம். செய்மதி நேரம் கிரீன்விச் கணக்கு. நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். இரவு 8.10க்கு நடந்தது தரவில் 14.40 என்று நிற்கும். சில கெமராக்கள் உள்ளூர் நேரத்தை மாற்றி எழுதுகின்றன, சில மாற்றுவதில்லை. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாதிரிகளில்கூட வேறுபடலாம். பகலில் இது வெறும் குழப்பம். அதிகாலையில் காசு விவகாரம்: காலை 4 மணி விபத்து தரவில் முந்தின நாள் இரவு 10.30 என்று வரும். காப்புறுதி அன்று நள்ளிரவில்தான் தொடங்கியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கண்டியில் ஜிபிஎஸ் எங்கே தடுமாறும்

கொழும்பில் படித்துவிட்டு வருகிற இளைஞரைவிட உள்ளூரில் ஓடித் திரிகிற உங்களுக்கு மேலதிகப் பலம் இங்கேதான். ஜிபிஎஸ் வானத்தைப் பார்க்க வேண்டும். கண்டி ஒரு கிண்ணம். வானம் எல்லா இடத்திலும் ஒரே அளவு தெரியாது.

கெட்டம்பேயை ஒட்டிய திறந்த வீதியில் புள்ளிகள் வீதிமேலேயே ஒழுங்காக விழும். நகருக்குள் கொட்டுகொடெல்ல வீதி, யட்டிநுவர வீதி போன்ற நெருக்கமான தெருக்களில் கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் புள்ளிகள் கடைக்குள் ஏறி இறங்கும். நெரிசலில் அசையாமல் நிற்கும் வாகனம் 2, 3 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்வதாகக் காட்டும். வாவியைச் சுற்றும்போது சில புள்ளிகள் தண்ணீருக்குள் விழும். இதில் ஒரு நல்ல உரைகல் உண்டு: தலதா மாளிகையின் முன்பக்க வீதி, 1998 ஜனவரி 25ஆம் திகதி நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு பொது வாகனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. வாகனங்கள் சங்கராஜ மாவத்தை வழியாகச் சுற்றித்தான் போகின்றன. ஒரு வானின் தடம் மாளிகை முன்றிலை வெட்டிக்கொண்டு போனால் வான் போகவில்லை, புள்ளிதான் போயிருக்கிறது. அந்தப் பகுதியில் எத்தனை மீற்றர் பிழை என்று அளந்து, அதே கார்டின் மற்றப் புள்ளிகளுக்கும் எச்சரிக்கையாக எழுதலாம்.

கடுகண்ணாவையில் ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பாதி வானம்தான் கிடைக்கும். மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் திசை நொடிக்கு நொடி திரும்புவதால், கருவியின் சமப்படுத்தும் கணக்கு சற்றுப் பின்தங்கி, புள்ளிகள் வளைவை உள்ளே வெட்டும். கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறும் ஏ5 வீதியில் ரம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் சமிக்ஞையே இல்லை. சில கெமராக்கள் கடைசியாகப் பிடித்த இடத்தையும் வேகத்தையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போகும். சமிக்ஞை நிலைப் புலத்தை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் 'ஏ' என்றிருந்தால் பிடிப்பு உண்டு, 'வி' என்றிருந்தால் இல்லை. 'வி' வரிசைகளை விரிதாளில் நிறமிட்டு ஒதுக்கிவிடுங்கள். வண்டியை இயக்கிய முதல் நிமிடத்திலும் பெரும்பாலும் இதே கதை: வீட்டு வாசலில் இருந்து இறங்கிப் பிரதான வீதிக்கு ஏறும்போதே மோதியவர்களுக்கு டேஷ் கெமரா வேகம் சொல்லாது.

மலை நாடு என்பதால் "ஏற்றத்தில் ஜிபிஎஸ் வேகம் தப்பு" என்று யாராவது வாதாடுவார்கள். கிடைத்தள வேகத்தைத்தான் அது சொல்கிறது என்பது உண்மை. ஆனால் பத்துக்கு ஒன்று என்ற கடும் சரிவிலும் வித்தியாசம் இருநூறில் ஒரு பங்கு. 50 கிலோமீற்றரில் கால் கிலோமீற்றர். ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு நகருங்கள்.

வீதி ஒழுங்கை பற்றிய கேள்விகளையும் ஜிபிஎஸ்ஸிடம் கேட்கக்கூடாது. திறந்த வெளியிலேயே ஐந்து மீற்றர் அளவுக்குப் பிழை சாதாரணம்; நம் வீதிகளில் ஒரு பக்கத்து ஒழுங்கையே அதைவிடக் குறுகியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினாரா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

மோதிய வேகம் என்று எழுதாதீர்கள்

எல்லோரும் கேட்கும் கேள்வி இது: மோதும்போது என்ன வேகம்? விரிதாளில் இப்படி ஒரு வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 19:42:05இல் 51. அடுத்த வினாடி 50. அடுத்தது 38. அடுத்தது 9. அடுத்தது 0. வாடிக்கையாளர் 38ஐத் தொட்டுக் காட்டி, "இதுதானே?" என்பார். எதிர்த்தரப்பு 50ஐத் தொட்டுக் காட்டும்.

இரண்டும் இல்லை. 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகிறது. பிரேக்கை முழுதாக மிதித்தால் இரண்டு வினாடியில் நின்றே விடும். அந்த இரண்டு வினாடிக்கு உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று எண்கள் மட்டும், அவையும் கருவி சமப்படுத்தியவை, படத்தோடு ஒப்பிட்டால் ஒரு வினாடி வரை பிந்தியும் இருக்கலாம். நீங்கள் நேர்மையாக எழுதக்கூடியது: பிரேக்குக்கு முன் சீரான வேகம் மணிக்கு 50 முதல் 51 கிலோமீற்றர், வேகக் குறைவு 06க்கும் 07க்கும் இடையில் தொடங்கியிருக்கிறது, மோதிய கணத்தின் வேகம் இந்தத் தரவிலிருந்து தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாதது. இப்படி எழுதினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இதற்கு மேல் எழுதினால் சாட்சிக் கூண்டில் உங்கள் முகம் சுருங்கும்.

பிந்துவதை அளக்க ஒரு வழி உண்டு. அதே பயணத்தில் வாகனம் மஞ்சள் கோட்டில் பாதசாரிக்காகவோ சமிக்ஞை விளக்குக்காகவோ முழுதாக நின்ற இடத்தைத் தேடுங்கள். படத்தில் சக்கரம் நிற்கும் கணத்தையும் தரவில் பூச்சியம் வரும் கணத்தையும் ஒப்பிடுங்கள். நாலைந்து நிறுத்தங்களில் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் அதுவே அந்தக் கெமராவின் பிந்தும் அளவு. முந்திய பத்து நிமிட ஓட்டம் தேவை என்றது இதற்கும்தான்.

இன்னொரு சோதனை ஜிபிஎஸ்ஸே இல்லாமல் செய்வது, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. சம்பவ இடத்துக்கு அளவு நாடாவோடு போய் இரண்டு மின்கம்பங்களுக்கு இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 30 மீற்றர் என்று வைப்போம். வீடியோவைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தி, முதல் கம்பம் படத்தின் ஓரத்தில் மறையும் சட்டகத்திலிருந்து இரண்டாவது கம்பம் அதே ஓரத்தில் மறையும் சட்டகம் வரை எண்ணுங்கள். வினாடிக்கு 30 சட்டகம் உள்ள வீடியோவில் 54 வந்தால் 1.8 வினாடி; வேகம் மணிக்கு 60 கிலோமீற்றர். இரண்டு முனையிலும் ஒவ்வொரு சட்டகம் தவறியிருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தால் 58க்கும் 62க்கும் இடையில். ஜிபிஎஸ் 59 என்கிறதா? இரண்டு தனி வழிகள் ஒரே பதிலைத் தருகின்றன, அறிக்கை உறுதியாகிறது. ஜிபிஎஸ் 45 என்கிறதா? எங்கோ பிழை இருக்கிறது, அறிக்கையை இன்று கொடுக்காதீர்கள். சட்டக வேகம் 30தானா என்பதைக் கோப்பின் விவரத்திலிருந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் அதைக் குறைத்துக்கொள்ளும் கெமராக்கள் உண்டு.

சாரதி "என் மீற்றரில் 60 இருந்தது" என்று சொல்லி, தரவில் 55 வந்தால் அது முரண்பாடு அல்ல. வாகன மீற்றர்கள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பதே சர்வதேச விதி. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். கார்களுக்கு நகர்ப்புறத்தில் 50, வெளியே 70, முச்சக்கரவண்டிக்கு 40 என்ற எல்லைகளோடு ஒப்பிடும்போது இந்த ஐந்து கிலோமீற்றர் யாரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

அறிக்கையும் நீதிமன்றமும்

அறிக்கை இரண்டு பக்கம் போதும். கார்ட் வந்த விவரம், கெமரா மாதிரி, கோப்பின் பெயரும் ஷா-256 குறியீடும், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு இலக்கம், நேர மாற்றம் எப்படிச் செய்தீர்கள், தரவு அட்டவணை, வரைபடம், குறுக்குச் சோதனை, கடைசியாகத் தரவு சொல்லாத விஷயங்கள். யார் பிழை என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். அது நீதவானின் வேலை. வாகனத்தின் பிரேக்கும் டயரும் எப்படி இருந்தன என்பது மோட்டார் வாகனப் பரிசோதகரின் வேலை.

சட்டம் பற்றி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவ நேரத்தில் பதிவான ஒலி, ஒளிப் பதிவுகளையும் கணினிச் சாட்சியத்தையும் ஏற்க வழிசெய்கிறது. கருவி ஒழுங்காக இயங்கியது, பதிவில் யாரும் கைவைக்கவில்லை என்று காட்ட வேண்டும். விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டமும் இருக்கிறது. உங்கள் வழக்கில் எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும். ஆனால் 45 நாள் என்பதை மறவாதீர்கள்: வழக்குக்கு முந்தின வாரம் கார்டோடு ஓடிவருபவரிடம், முதலில் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

நீங்கள் சத்தியக்கடதாசி கொடுக்க நேரலாம், சாட்சிக் கூண்டில் ஏற நேரலாம். கண்டியில் நீதிமன்ற மொழி சிங்களம். அறிக்கையைத் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர், அதைச் சிங்களத்தில் வாய்விட்டு விளக்கவும் பழகிக்கொள்வது நல்லது. மொழிபெயர்ப்பாளர் இருப்பார், ஆனால் 'நொட்', 'சட்டகம்', 'சமிக்ஞை பிடிப்பு' எல்லாம் அவர் வழியாகப் போகும்போது பாதி உருமாறிவிடும்.

வேலை எங்கிருந்து வரும்

முதலில் காப்புறுதிப் பக்கம். மதிப்பீட்டாளர்கள் ஓடிக்கொண்டே இருப்பவர்கள். உட்கார்ந்து கோப்பைக் குடைய அவர்களுக்கு நேரமில்லை. பிறகு சட்டத்தரணிகள். ஆனால் மாதாமாதம் சீராக வேலை தரக்கூடியவர்கள் வாகனக் கூட்டம் வைத்திருப்பவர்கள்தான்: சுற்றுலா வான் நிறுவனங்கள், பாடசாலை வான் நடத்துபவர்கள், தோட்டங்களிலிருந்து கொழுந்தும் தேயிலையும் ஏற்றும் லொறிக்காரர்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலை வீதிகளில் சாரதி எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஏற்கெனவே கெமரா பூட்டிய முதலாளிகளிடம் கார்ட் நிறையத் தரவு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து, இன்ன சாரதி இறக்கத்தில் இன்ன இடங்களில் வேகம் கூட்டுகிறார் என்று ஒரு பக்கத் தாளில் கொடுத்தால் அதற்குப் பெறுமதி உண்டு.

இந்த வேலையை ஏற்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள். தரவு எடுக்கப்படுவது சாரதிகளுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், ஒருவர் எங்கே எப்போது இருந்தார் என்ற பட்டியலைக் காற்றில் விட முடியாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் பாதையும் அதே கார்டில்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டே முதலாளியிடம் கொடுங்கள். வண்டிக்குள் நடந்த பேச்சையும் கெமரா பதிவுசெய்திருக்கும். அது உங்களுக்குத் தேவையில்லை, கேட்காதீர்கள்.

கட்டணத்தைக் கோப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்றோ, செலவிட்ட மணித்தியாலத்துக்கு என்றோ பேசுங்கள். தரவு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சிறு தொகை, முழு அறிக்கைக்கு வேறு தொகை, நீதிமன்றம் வர நேர்ந்தால் நாளுக்கு வேறு தொகை என்று முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு பேரம் வராது. "வழக்கு வென்றால் இழப்பீட்டில் பங்கு தருகிறேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாங்காதீர்கள், அந்தப் பங்கு வெளியே வந்த நாளில் உங்கள் விரிதாளின் ஒவ்வொரு எண்ணும் சந்தேகத்துக்குரியதாகும். வேலை முடிந்ததும் கார்டைத் திருப்பிக் கொடுத்து, கொப்பியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பிரதியை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள்.

பழக விரும்புபவர் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜிபிஎஸ் உள்ள கெமராவோடு ஓடும் நண்பரின் வானில் பேராதனையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை ஒரு தடவை போய்வாருங்கள். நிற்கும் இடங்களின் நேரத்தைக் கையால் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவே கோப்பைத் திறந்து, குறித்த நேரத்தையும் தரவு தரும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்தரை மணித்தியாலம், மூன்றரை மணித்தியாலம், ஒரு வினாடி என்று வித்தியாசங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.